கல்லூரி ஆசிரியருக்கும் ஒரு வள மையம் வேண்டும்: உயர்கல்வி மன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றத்தின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

ரயில் நிற்காத ஓர் ஊரின் அரசு கலை அறிவியல் கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறவன் நான். எங்கள் பிள்ளைகளில் பெரும்பாலோர் தமிழ்வழியில் படித்து வந்தவர்கள், வீட்டின் முதல் பட்டதாரியாகப் போகிறவர்கள். ஆசிரியர்கள் தொழில்நுட்பத்தைக் கொண்டு பாடம் நடத்த வேண்டும் என்று சுற்றறிக்கை வராத செமஸ்டர் இல்லை. அப்படி நடத்துவதற்கு எங்களுக்கு என்ன துணை தருகிறீர்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

நான் கேட்பது ஒன்றுதான். பள்ளி ஆசிரியருக்கு வட்டார வள மையம் இருப்பதுபோலக் கல்லூரி ஆசிரியருக்கும் பக்கத்திலேயே ஓர் ஆள் வேண்டும். பாடம் தெரிந்தவராக, வகுப்பறை தெரிந்தவராக, கூப்பிட்டால் வருகிறவராக இருக்க வேண்டும். பொருள் எதுவும் கேட்கவில்லை. பொருள் எப்படியும் வந்துகொண்டுதான் இருக்கிறது.

2011இல் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. கொரோனாவில் கல்லூரி மூடிக் கிடந்த பிறகு, 2021 தொடக்கத்தில், 9.69 லட்சம் மாணவர்களுக்கு நாளுக்கு 2 ஜிபி டேட்டா கார்டு அறிவித்தார்கள். 2025-26 பட்ஜெட்டில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினியோ கைக்கணினியோ என்றார்கள். ஆட்சி எதுவானாலும் மாணவர் கைக்குக் கருவி கொடுப்பதில் இந்த மாநிலம் கஞ்சத்தனம் பார்த்ததில்லை. அதில் எனக்குக் குறை ஏதுமில்லை. அந்தக் கருவியோடு பிள்ளை வகுப்புக்குள் வந்து உட்காரும்போது, எதிரே நிற்கிற ஆசிரியர் அதை வைத்து என்ன செய்வது என்பதைத்தான் யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

ஆசிரியருக்குப் பயிற்சியே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. எஃப்டிபி, அதாவது ஆசிரியர் மேம்பாட்டுப் பயிற்சி என்று பெயர். ஐந்து நாள், ஏழு நாள், பதினான்கு நாள் என்று பல அளவுகளில் கிடைக்கும். பெரும்பாலும் கூகுள் மீட்டில் நடக்கும். நூற்றுக்கணக்கானவர்கள் உள்ளே இருப்பார்கள், கேமரா அத்தனையும் அணைந்திருக்கும். வளவாளர் அன்பாகத்தான் பேசுவார். இருபது நிமிடம் கேன்வா, இருபது நிமிடம் கஹூட், அடுத்து மென்டிமீட்டர், அடுத்து பேட்லெட் என்று செயலிகளைக் கடை விரித்துக் காட்டுவார். ஒவ்வொன்றிலும் எங்கே அழுத்த வேண்டும் என்பது தெரியும். எந்தப் பாடத்தில், எந்த இடத்தில், எதற்காக அழுத்த வேண்டும் என்பது தெரியாது. கடைசிப் பத்து நிமிடத்தில் பின்னூட்டப் படிவம் திறக்கும். அதுவரை இல்லாத கூட்டம் திடீரென்று சேரும். சாட் பகுதி முழுக்க 'லிங்க் ப்ளீஸ்', 'சார், லிங்க் ஓபன் ஆகலை'. மறுநாள் சர்டிஃபிகேட் மெயிலில் வந்துவிடும். 2020இல் இது உச்சத்துக்குப் போயிற்று. பத்துக் கேள்வி வினாடி வினாவுக்கு விடை போட்டால் மின்சான்றிதழ், 40 சதவீதம் எடுத்தாலே போதும் என்று வாட்ஸ்அப்பில் சுற்று விட்டார்கள். அந்த ஆண்டு வாங்கிய சான்றிதழ்களை ஃபைலில் அடுக்கி வைக்காத கல்லூரி ஆசிரியர் அபூர்வம்.

இதைச் சோம்பேறித்தனம் என்று சொல்வது சுலபம். சர்டிஃபிகேட்டுக்காக உட்கார்கிறவரும் தன் வகுப்பு நன்றாக அமைய வேண்டும் என்றுதான் ஆசைப்படுகிறார். அந்த எஃப்டிபியில் தன் வகுப்புக்கு உதவுவது எதுவும் வராது என்பது அவருக்கு அனுபவத்தில் தெரியும். வளவாளர் காட்டுகிற உதாரணத்தில் எல்லா மாணவரிடமும் லேப்டாப் இருக்கும், வைஃபை இருக்கும், வகுப்பில் முப்பது பேர்தான் இருப்பார்கள். எங்கள் வகுப்பில் எழுபது பேர். புரொஜெக்டர் துறைக்கு ஒன்று. அதற்கான எச்டிஎம்ஐ கேபிள் அலுவலக பீரோவில் பூட்டிக் கிடக்கும், சாவி கண்காணிப்பாளரிடம் இருக்கும், அவர் அன்று கருவூலத்துக்குப் போயிருப்பார். ஐம்பது நிமிட வகுப்பில் பதினைந்து நிமிடம் இதில் போனால், அடுத்த வாரம் சாக்பீஸை எடுப்பதுதான் புத்திசாலித்தனம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆறாம் வகுப்புக்கு அறிவியல் நடத்த ஒருவர் பி.எட். படித்திருக்க வேண்டும், டெட் என்ற தகுதித் தேர்வில் தேறியிருக்க வேண்டும். கல்லூரியில் நடத்த நெட் அல்லது செட் தகுதித் தேர்வு, இல்லாவிட்டால் பிஎச்.டி. போதும். எப்படி நடத்துவது என்று ஒரு நாள்கூடச் சொல்லிக்கொடுக்காமல் எங்களை வகுப்புக்குள் அனுப்பிவிட்டார்கள். நாங்கள் எங்கள் ஆசிரியர்கள் நடத்தியதைப் பார்த்து நடத்துகிறோம், அவர்கள் அவர்களுடைய ஆசிரியர்களைப் பார்த்து நடத்தினார்கள். 1986 கல்விக் கொள்கைக்குப் பிறகு பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி இந்தக் குறையைத் தீர்க்க, கல்லூரி ஆசிரியருக்குப் பயிற்சி தரும் அகாடமிக் ஸ்டாஃப் கல்லூரிகளைத் தொடங்கியது. பிறகு அது மனிதவள மேம்பாட்டு மையம், அதாவது எச்ஆர்டிசி ஆயிற்று. 2023இல் மாளவியா பெயரில் ஆசிரியர் பயிற்சி மையம், அதாவது எம்எம்டிடிசி ஆயிற்று. பெயர்ப்பலகை மாறிய அளவுக்கு உள்ளே நடப்பது மாறவில்லை. இப்போதும் ஆசிரியர் தன் வகுப்பை விட்டு அங்கே போய் உட்கார்கிறார், அல்லது திரையில் உட்கார்கிறார். அங்கிருந்து யாரும் அவர் வகுப்புக்கு வந்து பார்ப்பதில்லை.

பள்ளிக்கல்வியில் இது வேறு மாதிரி. ஒவ்வொரு வட்டாரத்திலும் வள மையம் உண்டு, அதில் ஆசிரியப் பயிற்றுநர்கள் உண்டு. பயிற்சி கொடுத்த ஆளே பள்ளிக்கு வருவார், வகுப்பைப் பார்ப்பார், ஆசிரியரோடு உட்கார்ந்து பேசுவார். ஏற்பாட்டின் நோக்கம் அதுதான். நடைமுறையில் அவர்கள் தலையில் புள்ளிவிவரம் சேகரிக்கிற வேலையைக் கட்டிவிட்டார்கள் என்று பள்ளியில் வேலை பார்க்கும் என் உறவினர்கள் வருத்தப்படுகிறார்கள். 'பயிற்றுநர் வருகிறார்' என்றால் சில இடங்களில் பதிவேட்டைத் தேடுகிற நிலைமை. அந்தக் கெட்ட பக்கம் எங்களுக்கு வேண்டாம். நோக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறேன்.

அப்படி ஓர் ஆள் என்ன செய்வார் என்பதை என் வகுப்பை வைத்தே காட்டுகிறேன்.

இரண்டாம் ஆண்டு மின்னியல். கரும்பலகையில் இரண்டு பல்புகளை வரைகிறேன். ஒன்று 40 வாட், மற்றொன்று 100 வாட். இரண்டும் 230 வோல்ட்டுக்கானவை. இரண்டையும் தொடர் இணைப்பில் மாட்டி 230 வோல்ட் கொடுத்தால் எது அதிக ஒளி தரும்? வாய்விட்டுக் கேட்டால் முன்வரிசையில் மூன்று பேர் பதில் சொல்வார்கள், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். பாடம் புரிந்துவிட்டது என்று நினைத்து நகர்ந்துவிடலாம். அதற்குப் பதிலாக ஒவ்வொரு பிள்ளை கையிலும் சதுரக் கட்டம் அச்சிட்ட ஓர் அட்டை இருக்கிறது. அட்டையின் எந்தப் பக்கம் மேலே இருக்கிறதோ அதுதான் விடை. ஆ, இ என்று அட்டையைத் திருப்பிப் பிடிக்கிறார்கள். நான் என் போனை ஒரு சுற்று காட்டினால் யார் என்ன விடை சொன்னார்கள் என்பது என் திரையில் வந்துவிடும். பிளிக்கர்ஸ் என்பது அந்தச் செயலி. மாணவரிடம் போன் வேண்டாம், வைஃபை வேண்டாம். அட்டையை ஜெராக்ஸ் கடையில் எடுத்துக்கொள்ளலாம். பக்கத்துப் பிள்ளைக்கு இவள் விடை தெரியாது, ஏனென்றால் ஒவ்வோர் அட்டையிலும் கட்டம் வேறு வேறு.

முக்கால்வாசிப் பேர் 100 வாட் என்றுதான் பிடிப்பார்கள். வீட்டில் 100 வாட் பல்பு பளிச்சென்று எரிவதைப் பார்த்த பிள்ளைகள் வேறென்ன சொல்வார்கள்? அந்த எண்ணிக்கையைச் சொல்லிவிட்டு, சரி விடையைச் சொல்லாமல், பக்கத்தில் இருப்பவரிடம் பேசுங்கள் என்று மூன்று நிமிடம் விட்டுவிடுவேன். வகுப்பில் அப்போது வரும் சத்தம் இருக்கிறதே, துறைத்தலைவர் எட்டிப் பார்க்கிற சத்தம். 'ரெசிஸ்டன்ஸ் கணக்குப் போடுடீ' என்று ஒருத்தி, 'தொடரில் கரண்ட் ஒன்றுதானே' என்று இன்னொருத்தி. 230ஐ வர்க்கப்படுத்தி வாட்டால் வகுத்தால் 40 வாட் பல்புக்கு 1,322.5 ஓம், 100 வாட் பல்புக்கு 529 ஓம். மின்னோட்டம் ஒன்றே என்பதால் மின்தடை அதிகமுள்ள 40 வாட் பல்புதான் அதிகம் ஒளிரும். இரண்டாம் முறை அட்டையைப் பிடிக்கச் சொன்னால் பெரும்பாலோர் திருப்பியிருப்பார்கள். திருப்பாத பிள்ளைகள் யார் என்பதும் என் போனில் இருக்கும். மறுநாள் அவர்களிடம் தனியாகப் பேசலாம்.

இந்த முறை என் கண்டுபிடிப்பு இல்லை. ஹார்வர்டில் இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1991இலிருந்து செய்துவருவது. கணக்கை அச்சுப்பிசகாமல் போடுகிற மாணவர்கள் அடிப்படைக் கேள்வியில் தடுக்கி விழுவதைப் பார்த்துத்தான் அவர் விரிவுரையை விட்டு இதற்கு வந்தார். பணக்காரக் கல்லூரிகளில் இதற்கு, விடையைப் பொத்தானில் அழுத்திச் சொல்லும் கிளிக்கர் என்ற மின்கருவியைக் கொடுத்தார்கள். கனடாவில் நத்தேனியல் லாஸ்ரி என்பவர் ஒரு வகுப்புக்குக் கிளிக்கரும் இன்னொரு வகுப்புக்கு வெறும் அட்டையும் கொடுத்து ஒப்பிட்டு 2008இல் எழுதினார். கற்றதில் சொல்லும்படியான வேறுபாடு இல்லை. பிள்ளைகளைக் கற்க வைத்தது கேள்வியும் பக்கத்தாரோடு பேசிய பேச்சும். கருவி ஆசிரியருக்கு எண்ணிக்கையைச் சட்டென்று காட்டியது, அவ்வளவே. அதுவும் எழுபது பேர் வகுப்பில் சின்ன உதவி இல்லை.

விஷயம் என்னவென்றால், இதில் செயலியைக் கற்க அரை மணி நேரம் போதும். நல்ல கேள்வி ஒன்றைத் தயாரிக்க அரை நாள் ஆகும். தவறான விடைகளும் மாணவர் மனத்திலிருந்து வந்தவையாக இருக்க வேண்டும், எடுத்த எடுப்பில் ஒதுக்கிவிடக்கூடிய உப்புச்சப்பில்லாத விடைகளாக இருக்கக் கூடாது. அதற்குத்தான் கூட ஓர் ஆள் வேண்டும். போன ஆண்டு விடைத்தாளை எடுத்து வைத்துக்கொண்டு, எந்த இடத்தில் பிள்ளைகள் கூட்டமாகத் தவறியிருக்கிறார்கள் என்று என்னோடு உட்கார்ந்து பார்க்கிற ஆள். அந்த இடத்துக்கு ஒரு கேள்வி போதுமா, ஒரு மாதிரிப் படம் வேண்டுமா, அல்லது சாக்பீஸே போதுமா என்று பேசி முடிவெடுக்கிற ஆள். கொலராடோ பல்கலைக்கழகம் 2002இலிருந்து செய்துவரும் ஃபெட் (PhET) கணினி உருவகப்படுத்தல்கள் இலவசம், மின்சுற்று ஒன்றை நாமே கட்டி ஓடவிடலாம், இறக்கி வைத்துக்கொண்டால் நெட் இல்லாமலும் ஓடும், சிலவற்றைத் தமிழிலும் பார்க்கலாம். இது தெரியாத இயற்பியல் ஆசிரியர்கள் எங்கள் பக்கத்தில் நிறைய பேர். எஃப்டிபியில் இதைக் காட்டியிருந்தாலும் கேன்வாவுக்கும் கஹூட்டுக்கும் நடுவில் மறந்திருக்கும்.

இயற்பியல்காரன் தன் பாட்டைப் பாடுகிறான் என்று நினைக்க வேண்டாம். எங்கள் தமிழ்த்துறையில் நடப்பதைச் சொல்கிறேன். அங்கே இன்னும் பாதி வினாத்தாளும் குறிப்பும் பழைய எழுத்துருக்களில்தான் இருக்கின்றன. வானவில் ஒருவரிடம், பாமினி இன்னொருவரிடம். கணினித் தமிழ் எழுத்துக்கு யூனிகோடும் டேஸ் 16உம்தான் தரம் என்று தமிழ்நாடு அரசு 2010இலேயே ஆணை போட்டாயிற்று. ஆணையைப் படித்த யாரும் அந்தத் துறை ஆசிரியை ஒருவரின் கணினி முன் உட்கார்ந்து, பத்து ஆண்டுக் குறிப்புகளை மாற்றிக் கொடுத்து, தமிழ் 99 விசைப்பலகையில் விரல் பழகும்வரை கூட இருக்கவில்லை. விளைவு என்ன? அவர் குறிப்பைக் கைப்பட எழுதி, போட்டோ எடுத்து, வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் போடுகிறார். அந்த வகுப்பில் பார்வையற்ற மாணவர்கள் படிக்கிறார்கள். அவர்கள் போனிலும் கணினியிலும் திரைவாசிப்பான் வைத்திருக்கிறார்கள். என்விடிஏ போன்றவை இலவசமாகவே கிடைக்கின்றன. யூனிகோடில் உள்ள எழுத்தை அது தமிழில் வாசித்துக் காட்டும். வானவில்லில் அடித்ததை ஏதோ ஆங்கில எழுத்துக் குவியலாக உளறும். போட்டோவைப் பார்த்து 'இமேஜ்' என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். அந்தப் பிள்ளைகள் தோழர்களிடம் வாசித்துப் பதிவு செய்து தரச் சொல்லிக் காத்திருக்கிறார்கள். இதற்கு ஸ்மார்ட் போர்டு தீர்வாகுமா? ஒருவர் நாலு மதியம் அந்த ஆசிரியரோடு உட்கார்ந்தால் தீரும்.

அது முடிந்த கையோடு அடுத்ததும் வரும். மதுரைத் திட்டம் 1998 பொங்கலிலிருந்து பழந்தமிழ் நூல்களை மின்பதிப்பாக ஏற்றிவருகிறது. தமிழ் இணையக் கல்விக்கழகம் 2001இலிருந்து இயங்குகிறது. சங்கப் பாடல் முழுவதும் தேடும்படியாகக் கணினியில் இருக்கிறது. 'நெய்தல் திணை இரங்கல்' என்று குறிப்பெடுத்து மனப்பாடம் செய்கிற பிள்ளையிடம், கடலும் பறவையும் எந்தெந்தப் பாட்டில் சேர்ந்து வருகின்றன என்று தேடி எடு, அங்கே இரங்குவது யார் என்று பார்த்து எழுது எனக் கொடுத்துப் பாருங்கள். இரங்கல் இல்லாத நெய்தல் பாட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு வந்து, 'அம்மா, இது என்ன கணக்கு?' என்று கேட்பான். அந்த வகுப்பு நடத்த எந்த ஆசிரியருக்கு ஆசை இருக்காது? கணிதத்துக்கு ஜியோஜீப்ரா, வேதியியலுக்கு மெய்நிகர் ஆய்வகங்கள், மென்பொருள் பழக ஐஐடி பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியல் (தமிழிலேயே குரல் கொடுத்திருக்கிறார்கள்) என்று ஒவ்வொரு துறைக்கும் ஏதோ ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. இருக்கிறது என்று சொல்வது தகவல். அதை ஒருவரின் பாடத்திட்டத்தில் மூன்றாம் அலகில் கொண்டுபோய்ப் பொருத்துவது வேலை. அந்த வேலைக்குத்தான் ஆள் இல்லை.

இனி, நாங்கள் ஏன் மெனக்கெட வேண்டும் என்ற கேள்வி. யுஜிசியின் 2018 விதிமுறைப்படி, நான்கு கிரெடிட் மூக் (திறந்த இணையவழி) பாடம் ஒன்றை முழுதாகத் தயாரித்தால் பதவி உயர்வுக்கு 20 புள்ளி. புதிய கற்பித்தல் முறையை உருவாக்கினால் 5. இருக்கிற ஒன்றை எடுத்துத் தன் வகுப்புக்குத் தக்கபடி பயன்படுத்தி, போன ஆண்டைவிட இந்த ஆண்டு அரியரைக் குறைத்தால்? அதற்கென்று ஒரு வரி இல்லை. ஆகவே பதவி உயர்வுக்கு நிற்கிற ஆசிரியர் வீடியோ எடுக்கிறார். நாற்பத்தைந்து நிமிடம் பிபிடியை வாசிக்கிற வீடியோ. எட்எக்ஸ் எனும் இணையவழிப் பாடத் தளத்தில் 69 லட்சம் முறை வீடியோ பார்த்த பதிவுகளை வைத்து பிலிப் குவோ குழுவினர் 2014இல் பார்த்தபோது, வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும் பார்ப்பவர் தங்கியிருந்தது பெரும்பாலும் ஆறு நிமிடத்துக்குள்தான். நம் பிள்ளைகள் அவர்களைவிடப் பொறுமைசாலிகள் என்று நம்ப எனக்குக் காரணம் கிடைக்கவில்லை.

கல்லூரிகளுக்குத் தரச்சான்று தரும் நாக் அமைப்பின் மதிப்பீடு வருகிறது என்றால் கதை வேறு. எத்தனை வகுப்பறையில் ஐசிடி (கணினி, இணைய) வசதி என்று கேட்பார்கள். ஸ்மார்ட் போர்டை அவசரமாக வாங்கி மாட்டுவார்கள். மதிப்பீடு முடிந்த பிறகு அந்தப் போர்டின் மேல் வழக்கமான கரும்பலகையைத் தொங்கவிட முடியாது என்பதுதான் சிலருடைய வருத்தம். எண்ணிக்கையைக் கேட்டால் எண்ணிக்கைதான் கிடைக்கும். அந்த அறையில் போன மாதம் என்ன நடந்தது என்று மாணவரிடம் கேட்டால் வேறு விடை கிடைக்கும்.

மாணவரிடம் கேட்பதற்கும் ஒரு நல்ல முறை இருக்கிறது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1962இலிருந்து கற்பித்தலுக்குத் துணை நிற்கவென்றே ஒரு மையம் உண்டு. செமஸ்டர் நடுவில் ஆசிரியர் விரும்பிக் கூப்பிட்டால் மையத்திலிருந்து ஒருவர் வந்து வகுப்பைப் பார்ப்பார். கடைசிச் சில நிமிடங்கள் ஆசிரியர் வெளியே போய்விடுவார். எது உங்களுக்குக் கற்க உதவுகிறது, எதை மாற்றலாம் என்று மாணவர்களிடம் கேட்டு, யார் சொன்னது என்பதில்லாமல் தொகுத்து ஆசிரியரிடம் மட்டும் பேசுவார். மேலிடத்துக்குப் போகாது. நம் கல்லூரிகளில் பின்னூட்டம் செமஸ்டர் முடிந்த பிறகு வாங்கப்படுகிறது, அதுவும் நாக் ஃபைலுக்காக. தேர்வு முடிந்த பிறகு குறை தெரிந்து அந்தப் பிள்ளைக்கு என்ன லாபம்?

செயற்கை நுண்ணறிவைப் பற்றியும் சுற்றறிக்கைகள் வரத் தொடங்கிவிட்டன. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தது. இப்போது எங்கள் பிள்ளைகள் அசைன்மென்ட்டைத் தமிழிலேயே அதில் வாங்கிவிடுகிறார்கள். நாங்கள் என்ன செய்கிறோம்? கைப்பட எழுதிக் கொண்டு வா என்கிறோம், பிள்ளை திரையைப் பார்த்துக் கைப்பட எழுதிக் கொண்டு வருகிறது. கண்டுபிடிக்கும் மென்பொருள் வாங்கலாம் என்று சில இடங்களில் பேச்சு. சாட்ஜிபிடியைச் செய்த ஓபன்ஏஐ நிறுவனமே தான் வெளியிட்ட கண்டுபிடிப்பானைத் துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் விலக்கிக்கொண்டது. அந்தப் பணத்தை மிச்சப்படுத்துங்கள். மாற வேண்டியது அசைன்மென்ட். 'ஓம் விதியை விளக்குக' என்பதை விட்டுவிட்டு, உங்கள் வீட்டு மின்கட்டண அட்டையை எடுத்து எந்தச் சாதனம் எவ்வளவு இழுக்கிறது என்று கணக்கிட்டு வா, வந்து ஐந்து நிமிடம் வாய்மொழியாகச் சொல் என்று கேட்கலாம். எழுபது பேரை வாய்மொழியாகக் கேட்க நேரம் எங்கே என்பது அடுத்த கேள்வி. அதற்கும் விடை ஒரு சுற்றறிக்கையில் இல்லை. துறைக்குத் துறை உட்கார்ந்து பேசித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஆகவே ஏற்பாடு எப்படி இருக்கலாம் என்று சொல்லிவிடுகிறேன். கல்லூரிக் கல்வி இணை இயக்குநர் மண்டலங்கள் ஏற்கெனவே இருக்கின்றன. ஒரு மண்டலத்தில் பக்கத்துப் பக்கத்துக் கல்லூரிகள் ஐந்தாறைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அவற்றில் நன்றாக நடத்துகிறவர் என்று மாணவரும் சக ஆசிரியரும் சொல்கிற சிலரை, அறிவியலுக்கு ஒருவர், கலைக்கு ஒருவர், வணிகவியலுக்கு ஒருவர் என்று இரண்டு ஆண்டுக்கு விடுவியுங்கள். முழுதாக விடுவிக்க வேண்டாம், வாரம் 16 மணி நேரப் பணிச்சுமையில் பாதி போதும். தானும் நடத்துகிறவர் சொன்னால்தான் மற்றவர் கேட்பார். மீதி நேரத்தில் அவர் கூப்பிட்ட வகுப்புக்குப் போவார், கூடத் தயாரிப்பார், கூட நிற்பார். இரண்டு ஆண்டு முடிந்ததும் வேறொருவர் வரட்டும். அதே நாற்காலியில் பத்து ஆண்டு உட்கார்ந்தால் அவரும் ஒரு அதிகாரி ஆகிவிடுவார்.

அவர் யாரையும் மதிப்பிடக் கூடாது. ஜிபிஎஸ் போட்டோ ஏற்றச் சொல்லக் கூடாது. யார் வகுப்புக்குப் போனார், என்ன பார்த்தார் என்று முதல்வருக்கோ இயக்ககத்துக்கோ அறிக்கை போகக் கூடாது. இந்த ஒன்றை எழுத்தில் ஆணையாகக் கொடுக்காவிட்டால் திட்டத்தைத் தொடங்கவே வேண்டாம், முதல் மாதத்திலேயே வகுப்பறைக் கதவுகள் சாத்திக்கொள்ளும். கையில் சிறு தொகை ஒன்று இருக்க வேண்டும்: கேபிள் வாங்க, அட்டை ஜெராக்ஸ் எடுக்க, யுபிஎஸ் பேட்டரி மாற்ற. அதற்கு மூன்று விலைப்புள்ளி கேட்காதீர்கள்.

கௌரவ விரிவுரையாளர்களை இதில் சேர்க்காமல் விட்டால் அது பாதித் திட்டம்கூட இல்லை. அரசுக் கல்லூரிகளில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் தொகுப்பூதியத்தில், ஆண்டில் 11 மாதம் மட்டும் வேலை பார்க்கிறார்கள். பல துறைகளில் வகுப்புகளைத் தூக்கி நிறுத்துவது அவர்கள்தான். யுஜிசி 2019இல் மாதம் 50,000 ரூபாய் வரை என்று சொன்னதற்கும் அவர்கள் கையில் வாங்குவதற்கும் உள்ள தூரம் உங்களுக்குத் தெரியும். அதை இந்த மடலில் வாதிட வரவில்லை. ஆனால் பயிற்சிக்குப் போக அவர்களுக்கு ஊதியத்தோடு விடுப்பு இல்லை, பணி மேம்பாட்டுப் புள்ளியும் இல்லை. பலர் பட்டம் பெற்றுப் புதிதாக வந்தவர்கள், எங்களைவிட வேகமாகக் கருவியைப் பிடித்துக்கொள்கிறவர்கள். கூட உட்காரும் நேரத்தையும் பணி நேரமாகக் கணக்கிட்டுக் கொடுங்கள், அவர்களில் சிலர் எனக்கே கற்றுத் தருவார்கள். அதேபோல விடுவிக்கப்படும் ஆசிரியரின் வகுப்புகளை இன்னொரு கௌரவ விரிவுரையாளர் தலையில் இலவசமாகக் கட்டாதீர்கள்.

பணம் எங்கே என்று நிதித்துறை கேட்கும். அடுத்த கொள்முதலில் சில கல்லூரிகளுக்கு ஸ்மார்ட் போர்டு வாங்குவதை ஓராண்டு தள்ளிவையுங்கள். ஏற்கெனவே வாங்கியவை எவ்வளவு ஓடுகின்றன என்று பார்த்த பிறகு வாங்கலாம். மாநிலம் முழுவதும் ஒரே நாளில் தொடங்கி விழா எடுக்கவும் வேண்டாம். வரும் ஜூனில் ஒற்றைப்படை செமஸ்டர் தொடங்கும்போது ஒரே ஒரு மண்டலத்தில் தொடங்குங்கள். மன்ற உறுப்பினர்களில் இருவர் ஆண்டு முடிவில் வந்து, ஆசிரியர்களிடமும் அதைவிட முக்கியமாக மாணவர்களிடமும், பிபிடி இல்லாமல், உட்கார்ந்து பேசுங்கள்.

எங்கள் மண்டலத்தைத் தேர்ந்தெடுத்தால், யாரோ ஒருவர் வகுப்பில் வந்து உட்கார்ந்து பார்க்க முதலில் சம்மதிக்கிறவன் நான். திங்கள், வியாழன் இரண்டாம் மணி நேரம், இரண்டாம் ஆண்டு மின்னியல்.

இப்படிக்கு,
அரசுக் கல்லூரி இயற்பியல் ஆசிரியர் ஒருவர்